46 வயதில் நாள் தள்ளிப் போனால்…

கேள்வி: எனக்கு 46 வயது. காரைக்குடி பக்கம் ஒரு சிற்றூர். ஒரு வருடமாகவே தூரம் ஒழுங்காக இல்லை. இப்போது மூன்று மாதமாக வரவே இல்லை. திடீர் திடீரென்று உடம்பு குப்பென்று சுட்டு வியர்க்கிறது. ‘நிற்கிற வயதுதானே’ என்கிறார் மாமியார். ஆனால் காலையில் குமட்டலும் இருக்கிறது. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனார். காப்பர்-டியை ‘இனி எதற்கு’ என்று போன வருடமே எடுத்துவிட்டேன். மகள் ஐந்து மாதக் கர்ப்பம். மாதாமாதம் நான்தான் செக்கப்புக்குக் கூட்டிப் போகிறேன். எனக்கும் அப்படி ஏதாவது என்றால் சம்பந்தி முகத்தில் எப்படி முழிப்பேன்? இந்த வயதில் கரு தங்குமா? எத்தனை வயது வரை பாதுகாப்பு வேண்டும்?

பதில்: தங்கும் அம்மா. வாய்ப்பு குறைவுதான், ஆனால் இருக்கிறது. அதனால் மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். உள்ளூர் மெடிக்கலில் கேட்கக் கூச்சமாக இருந்தால் புதுக்கோட்டைக்கோ தேவகோட்டைக்கோ போகும்போது ஒரு கிட் வாங்குங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் இலவசமாகவே கிடைக்கும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் மூன்று சொட்டு விட்டு, சமமான இடத்தில் வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். இரண்டு கோடு விழுந்தால், இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும், கர்ப்பம்தான். ஒரே கோடு என்றாலும் மூன்று மாதம் தள்ளியிருப்பதால் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுவது நல்லது.

நம் பக்கத்தில் கர்ப்பமாக இருப்பவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பார்கள். தூரம் நிற்கப் போகிறவளும் முழுகாமல்தான் இருக்கிறாள். இரண்டுக்கும் வெளியே தெரிகிற அடையாளம் ஒன்றே என்பதால்தான் இத்தனை குழப்பம். உடம்பு குப்பென்று சுடுவதை வைத்து ‘முடிந்துவிட்டது’ என்று தீர்மானிக்க முடியாது. இந்த வயதில் சினைப்பை ஒரு மாதம் சும்மா இருக்கும், அடுத்த மாதம் முட்டையை வெளியிடும். முட்டை வெளியாகி இரண்டு வாரம் கழித்துத்தான் தூரம் வரும். நான்கு மாதம் ஓய்ந்திருந்த சினைப்பை திடீரென்று ஒரு முட்டையை விட்டால், அதை முன்கூட்டிச் சொல்ல எந்த இரத்தப்போக்கும் வராது. சிலர் தூரம் நிற்கப் போகிறதா என்று பார்க்கும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் பரிசோதனையை ஒருமுறை எடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த எண் இந்த மாதம் ஏறும், அடுத்த மாதம் இறங்கும். அதை நம்பிப் பாதுகாப்பை விடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் வயிறு உப்புசம் என்று என்னிடம் வந்தார். 47 வயது. இரண்டு மாதமாக ஓமத்தண்ணீரும் கேஸ் மாத்திரையும் குடித்திருக்கிறார். வயிற்றில் கை வைத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்கேனில் துடிப்பைக் காட்டியபோது அவர் திரையைப் பார்க்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “மருமகன் வீட்டுக்குள் வந்துபோகும்போது நான் எப்படி வளவில் நடமாடுவேன்?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அவருடைய பி.பி. அன்று 160-ஐத் தாண்டியிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் அதே வெட்கத்தைப் பார்த்ததால்தான் சொல்கிறேன்: தாலி கட்டிய கணவரோடு வாழ்ந்ததில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நாளைக் கடத்துவதில்தான் ஆபத்து.

சரி, கர்ப்பம் என்றே வந்தால்? முடிவு உங்களுடையது. 45-ஐத் தாண்டினால் கருக்கள் பாதிக்கு மேல் தானாகவே கலைந்துவிடுகின்றன. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 30-க்கு 1. பி.பி., சர்க்கரை இரண்டும் எட்டிப் பார்க்கும். பெற்றுக்கொள்ள ஆசையிருந்தால் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். வேண்டாம் என்றால், 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமும் 2021-இல் வந்த அதன் திருத்தமும் உங்களுக்குத் துணை. 20 வாரம் வரை பதிவு பெற்ற ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டால் போதும். உங்கள் சம்மதக் கையெழுத்தே செல்லும், கணவர் கையெழுத்து சட்டப்படி அவசியமில்லை. உங்கள் பெயரை மருத்துவர் வெளியே சொல்லவும் கூடாது. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கடையில் கலைப்பு மாத்திரை வாங்கி வீட்டில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த மாத்திரை 9 வாரம் வரைக்கும்தான், அதுவும் மருத்துவர் பார்வையில். உங்களுக்கு அந்தக் கணக்கு தாண்டியிருக்கலாம். இரத்தம் கொட்டி உயிர் போகும் நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கரு கருப்பைக்குள் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்கவும் செய்யாது.

எத்தனை வயது வரை என்ற கேள்விக்கு நேரான கணக்கு உண்டு. 50 வயதுக்குள் தூரம் நின்றால், கடைசித் தூரத்திலிருந்து முழுதாக இரண்டு வருடம் பாதுகாப்பு வேண்டும். 50-க்கு மேல் நின்றால் ஒரு வருடம். இடையில் ஒருமுறை வந்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்துதான். 55-க்கு மேல் பொதுவாகக் கவலையில்லை. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47-இல் நிற்கிறது என்பதால் இரண்டு வருடக் கணக்குதான் பலருக்கும் பொருந்தும்.

காப்பர்-டியை எடுத்ததில்தான் எனக்கு வருத்தம். 40-க்கு மேல் போட்டுக்கொண்ட காப்பர்-டியைத் தூரம் நின்று மேலே சொன்ன காலம் முடியும் வரை விட்டுவைக்கலாம், பிறகு மறக்காமல் எடுக்க வேண்டும். பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்றால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் காசில்லை. உதிரப்போக்கு அதிகமென்றால் அதே போல உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம் இரண்டுக்கும் உதவும். ‘சாயா’ என்ற கருத்தடை மாத்திரை நல்லதுதான், ஆனால் சிலருக்கு அதுவே நாளைத் தள்ளிவைக்கும். ஏற்கெனவே குழம்பியிருக்கும் உங்களுக்கு நான் அதை எழுத மாட்டேன். ஈஸ்ட்ரோஜன் கலந்த தினசரி மாத்திரையும் பி.பி. இருந்தால் கூடவே கூடாது. கணவர் எப்போதாவது வருகிறவர் என்பதால் ஆணுறையே போதும் என்று நினைத்தால் சரி, ஒவ்வொரு முறையும் இருந்தால்தான். அது தவறிய நாளில் 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை. அவர் அடுத்த லீவில் தையலில்லாத ஆண் கருத்தடை செய்துகொண்டால் இன்னும் எளிது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்யும் வரை மட்டும் ஆணுறை வேண்டும். தூர நிறுத்தத் தொல்லைக்குத் தரும் ஹார்மோன் மாத்திரை கருவைத் தடுக்காது. இதைப் பலரும் தவறாக நினைக்கிறார்கள்.

கர்ப்பம் இல்லை என்றாலும் தைராய்டு, இரத்த அளவு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒருபக்க அடிவயிற்றில் வலியோ மயக்கமோ இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் வாருங்கள். மகளின் செக்கப் அதற்குள் வருகிறது என்றால் அன்றே அவள் சீட்டோடு உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுப் போட்டுவிடுங்கள்.