குத்துவிளக்கும் ஆத்தங்குடித் தரையும் வரைகிற பிள்ளையை எதில் சேர்ப்பது?

மகள் பிளஸ் டூ காமர்ஸ். யாரிடமும் கற்காமல் விளக்கு, ஊஞ்சல், பூக்கல் தரை என்று வரைந்து தள்ளுகிறாள். இன்டீரியர் டிசைனில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டும் முன் ஒரு சோதனை. அவளுடைய அறையை டேப் பிடித்து அளந்து, 1:20 அளவில், அதாவது 20 சென்டிமீட்டரைத் தாளில் 1 சென்டிமீட்டராக்கி, தரைப்படம் போடச் சொல்லுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஏ4 தாளில் சுமார் 15-க்கு 18 சென்டிமீட்டராக அடங்கும். கதவு திறக்கும் பக்கம், ஜன்னல் அடிமட்டம், சுவிட்ச் போர்டின் உயரம் எல்லாம் வரவேண்டும். இதில் ருசி கண்டால் இன்டீரியர் சரி. அந்தத் தொழிலில் அளவும் பிளைவுட் கணக்கும் ஆசாரியோடு மல்லுக்கட்டுவதும்தான் அதிகம். அலுத்துக்கொண்டு விளக்குக்கே திரும்பினால் அவள் வழி வேறு: அகமதாபாத் என்ஐடியில் (NID, தேசிய வடிவமைப்பு நிறுவனம்) செராமிக்-கண்ணாடி, டெக்ஸ்டைல் பிரிவுகள், அல்லது எழும்பூரில் 1850-ல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி, கும்பகோணம் கல்லூரி.

என்ஐடி, யுசீட் (UCEED, ஐஐடிகளின் டிசைன் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) இரண்டுக்கும் காமர்ஸ் தடையில்லை. பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) மட்டும் கிடைக்காது. அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். யுசீட் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள்தான் எழுதலாம், பழகிப் பார்க்க ஒரு தடவை என்று வீணாக்காதீர்கள்.

இனி படம். போட்டோ பார்த்தே வரையும் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் குத்துவிளக்கு. தட்டு, தண்டின் வளையங்கள், அடிப்பீடம் எல்லாவற்றையும் ஒரே அகல நீள்வட்டமாகப் போட்டு, இரு முனைகளையும் கூராக்கிவிடுவார்கள். கண் மட்டத்தில் இருக்கும் வட்டம் வெறும் கோடாகத் தெரியும். கீழே இறங்க இறங்கத்தான் விரியும். முனை எங்கும் கூராகாது. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கை மேசையில் ஒருமுறை, தரையில் ஒருமுறை வைத்து, நடுக்கோடு போட்டுவிட்டு வரையட்டும். பித்தளைப் பளபளப்பு மஞ்சளைத் தேய்ப்பதால் வராது. வெள்ளை ஒளிப்புள்ளிக்கு ஒட்டியே அடர் பட்டை விழவேண்டும்.

நேர்காணல் வைக்கும் கல்லூரிகளுக்குப் பதினைந்து படங்கள் போதும், கரட்டு வரைவுகளும் சேர்த்து. பின்டரெஸ்ட் நகல் ஒன்றுகூட வேண்டாம், பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். படங்களை ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னலோர நிழலில், போனைத் தாளுக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். சாய்ந்தால் செவ்வகம் கோணிப்போகும்.

என்ஐடி, யுசீட் விண்ணப்பங்கள் பிளஸ் டூ ரிசல்ட் வரைக்கும் காத்திருக்காது. பொதுவாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே மூடிவிடும். செப்டம்பரிலிருந்தே அறிவிப்புகளைப் பார்த்துவாருங்கள்.