விஷுவுக்கு முந்தின வாரமே போய்விடுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, மூட்டு வலி. "கொன்றை மரம் முழுசா பூத்து நிக்கத ஒருதடவ பக்கத்துல நின்னு பாக்கணும்" என்று ரொம்ப நாளாகச் சொல்கிறார். கூட்டமில்லாமல், மரங்கள் நிறைந்த இடமாக நம் குமரி மாவட்டத்தில் எங்கே கூட்டிப்போகலாம்? சித்திரை விஷு லீவுதானே, அன்றைக்கே போகலாமா?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: விஷு அன்று வேண்டவே வேண்டாம். கனி காண வைப்பதற்காக முந்தின நாளே கைக்கு எட்டுகிற கொத்தையெல்லாம் ஒடித்துவிடுவார்கள், பூ உச்சிக்கிளையில் மட்டும்தான் மிஞ்சும். அம்மா கழுத்தை அண்ணாந்து பார்க்கவா அவ்வளவு தூரம் போவது? முந்தின வாரம் ஒரு வேலைநாளில் லீவு போட்டுக் கூட்டிப்போங்கள்.

அதுவும் நாள் குறித்து வைத்துக்கொள்ளாதீர்கள். வெயில் ஏறி மண் காய்ந்ததும் இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கிற மரம் அது, இப்போதெல்லாம் சில இடங்களில் மாசியிலேயே பூத்துவிடுகிறது. உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு கொன்றை நிற்கும் இல்லையா, அதைத் தினமும் பாருங்கள், பாதிக் கொத்து விரிந்ததும் கிளம்பிவிடுங்கள். கோடை மழை ஒன்று ஓங்கி அடித்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பூ அத்தனையும் தரையில் கிடக்கும். போன வருடம் ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருந்து எனக்கு அப்படித்தான் ஆனது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இடம் என்றால் புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டையைச் சொல்வேன். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகிற வழியில், தக்கலை தாண்டியதும் ரோட்டோரமாகவே இருக்கிறது. கோட்டைக்குள் வனத்துறை பல்லுயிர்ப் பூங்கா வைத்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவதால் இங்கே அமைதியாக நடக்கலாம். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படை அதிகாரி டி லனாயின் கல்லறையும் உள்ளேதான். காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள், எந்தப் பக்கம் என்ன பூத்திருக்கிறது என்று வாசலிலேயே கேட்டுவிட்டால் அம்மாவுக்கு வீண் நடை மிச்சம். மடக்கு ஸ்டூல் ஒன்று கையில் இருக்கட்டும். கொன்றையை மட்டுமே நினைத்துப் போகாதீர்கள், புங்கும் வேம்பும் பூக்கிற காலமும் இதுதான், வேப்பம்பூ வாசம் காலைக் காற்றில் வரும்போது நின்று அனுபவிக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. பறிக்க வேண்டாம், கீழே விழுந்து கிடக்கிற கொன்றைப் பூ ஒன்றை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வையுங்கள். 5 மஞ்சள் இதழ், நடுவில் 10 மகரந்தக் காம்பு. அதில் 3 மட்டும் நீளமாக, தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். பெரிய கருவண்டு வந்து குட்டைக் காம்புகளைப் பிடித்துக்கொண்டு ம்ம்ம் என்று உடம்பை அதிரவிடும், உதிர்கிற மகரந்தம் அதற்குச் சாப்பாடு. அதே நேரம் நீளக் காம்புகளின் மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்விடும். மரத்தடியில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தால் அந்த ரீங்காரம் நன்றாகவே கேட்கும்.

கேள்வி: கொன்றைக் காயை உடைத்து விதையை இரண்டு தடவை போட்டேன், முளைக்கவில்லை. விதையில் கோளாறா?
- ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: விதையில் கோளாறு இருக்காது, தோல்தான் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. சொரசொரப்பான கல்லில் ஒரு ஓரத்தை லேசாகத் தேய்த்துவிட்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் உப்பியிருப்பதை மட்டும் மண்ணில் போடுங்கள், உப்பாததை மறுபடி தேயுங்கள். பூ பார்க்கச் சில வருடம் ஆகும்.

கேள்வி: 5 சென்ட் வீட்டில், முற்றத்தில் நாகலிங்க மரம் வைக்கலாமா? பூவின் வாசம் ரொம்பப் பிடிக்கும்.
- ஒரு வாசகி, திங்கள்சந்தை

பதில்: வைக்காதீர்கள். அந்த வாசம் எனக்கும் உயிர், விடியற்காலையில் அதற்கு ஈடே கிடையாது. ஆனால் பூ மாதிரியே காயும் அடிமரத்தில்தான் தொங்கும், பீரங்கிக் குண்டு அளவு, நல்ல கனம். தலையில் விழுந்தால் ஆபத்து, விழுந்து உடைந்தால் நாற்றம் தாங்காது. முற்றத்துக்குச் செண்பகம் போதும்.