மீல்மேக்கர் சாப்பிட்டா இடுப்பு போடுமா? தைராய்டு மாத்திரை போடுறவங்களுக்கும் சேர்த்து ஒரு பதில்

பழைய வண்ணாரப்பேட்டைல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. வயசு 38, எடை 76 கிலோ, எம்.சி. ரோட்ல துணிக்கடை வேலை. கறி மீனெல்லாம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான், அதனால புரோட்டீனுக்குன்னு ஆறு மாசமா வாரத்துல நாலு நாள் மீல்மேக்கர், தினம் காலைல சோயா சேர்த்து அரைச்ச சத்துமாவு கஞ்சி. பக்கத்து வீட்டு அக்கா "சோயால பொம்பளை ஹார்மோன் இருக்கு, அதான் உனக்கு இடுப்பு போடுது, பையனுக்கும் குடுக்காத, மார்பு வச்சிடும்"னு சொல்லிட்டாங்களாம். பையனுக்கு 17, பாக்ஸிங் போறான். கடைசில ஒரு வரி எழுதியிருக்காங்க, ரெண்டு வருஷமா தைராய்டு மாத்திரை ஒழுங்கா போடுறேன், ஆனாலும் போன டெஸ்ட்ல டி.எஸ்.எச் (தைராய்டு ஹார்மோன் பத்தலைன்னா ரத்தத்துல ஏறுற அளவு) ஏறிடுச்சு, டோஸ் கூட்டிட்டாங்கன்னு.

சோயாவை நிறுத்த வேணாம் மா. ஆனா அந்த கடைசி வரியைத்தான் நான் ரெண்டு தடவை படிச்சேன், அதுக்கு வரேன்.

முதல்ல பொம்பளை ஹார்மோன் பேச்சு. சோயால ஐசோஃபிளேவோன்னு ஒரு வகை இருக்கு, ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் எல்லாம் அதுல சேர்ந்தது. பார்க்க பொம்பளை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதிரி இருக்கறதால உடம்புல ஈஸ்ட்ரோஜன் போய் உக்கார்ற இடத்துல இதுவும் உக்காரும், அந்த இடம் ஆல்ஃபா பீட்டான்னு ரெண்டு வகை, இது அதிகமா ஒட்டுறது பீட்டால, அதுவும் நம்ம சொந்த ஈஸ்ட்ரோஜனோட வேகத்துல ரொம்ப சின்ன பங்குதான். அதுக்கும் மேல நீங்க மீல்மேக்கரை கொதிக்க வச்சு, பிழிஞ்சு, அந்த தண்ணியை கொட்டுறீங்க இல்ல, அதுலயே கொஞ்சம் போயிடும்.

இப்ப கொழுப்போட சம்பந்தப்பட்ட ஹார்மோனுக்கு வருவோம். கொழுப்புன்னா சும்மா தேங்கி கிடக்குற நெய்க்கட்டி மாதிரின்னு ரொம்ப காலம் நினைச்சிட்டு இருந்தாங்க, 1994ல லெப்டினை கண்டுபிடிச்சப்புறம்தான் கொழுப்பே ஹார்மோன் சுரக்குதுன்னு எல்லாருக்கும் உறைச்சுது. லெப்டின் மூளைக்குப் போய் "சேமிப்பு இருக்கு, சாப்பாடு போதும்"னு சொல்றது. கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடும், ஆனா ரொம்ப நாள் கூடவே இருந்தா மூளை அதை காதுல வாங்காது, அதான் எடை ஏறினவங்களுக்கு பசி அடங்கறதில்ல. இன்னொண்ணு அடிபோனெக்டின், இன்சுலினை ஒழுங்கா வேலை செய்ய விடுற நல்ல ஹார்மோன், வயித்துக் கொழுப்பு ஏறினா இது குறைஞ்சிடும். சோயா குடுத்து மனுஷங்களை பார்த்த ஆய்வுகள்ல லெப்டின் பெருசா அசையல, அடிபோனெக்டின் சிலதுல லேசா கூடுச்சு, சிலதுல ஒண்ணும் ஆகல. எலிகள்ல பெரிய மாற்றம் தெரிஞ்சுதுன்னு வீடியோ போடுறாங்க, எலிக்கு குடுக்குற டோஸே வேற, டெய்ட்ஸீனை ஈக்வால்னு இன்னும் வேகமான ஒரு பொருளா மாத்துற குடல் பாக்டீரியா எலிகளுக்கு கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் இருக்கும், மனுஷங்கள்ல மூணுல ஒருத்தர், சில நாடுகள்ல ரெண்டுல ஒருத்தர், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்காகிட்ட இதையும் சொல்லுங்க, நம்ம வயித்துக் கொழுப்பே ஒரு ஈஸ்ட்ரோஜன் பட்டறை. அரோமட்டேஸ்னு ஒரு என்ஸைம் அங்க உக்காந்து ஆண் ஹார்மோனை பெண் ஹார்மோனா மாத்திட்டு இருக்கும். தொப்பை வச்ச ஆம்பளைங்களுக்கு மார்பு தளதளன்னு ஆகறதுக்கு அது ஒரு முக்கிய காரணம். உங்க பையன் விஷயத்துல, சோயா சாப்பிட்ட ஆம்பளைங்களோட டெஸ்டோஸ்டிரோனை பார்த்த நிறைய ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து 2010லயும் 2021லயும் அலசினாங்க, டெஸ்டோஸ்டிரோன் குறையல, ஈஸ்ட்ரோஜன் ஏறல. சோயாவால ஒருத்தருக்கு மார்பு வச்சதுன்னு 2008ல ஒரு கேஸ் பதிவாச்சு, அது உண்மைதான், ஆனா அந்த 60 வயசுக்காரர் குடிச்சது தினம் கிட்டத்தட்ட 3 லிட்டர் சோயா பால். உங்க பையன் தட்டுல ஒரு கைப்பிடி மீல்மேக்கர், பயப்படாம போடுங்க, முட்டையும் சேர்த்து போடுங்க, வளர்ற பையன்.

அப்ப இடுப்பு எதுல போடுது? காய்ஞ்ச மீல்மேக்கர் 100 கிராம்ல சுமார் 52 கிராம் புரோட்டீன், கொழுப்பு 1 கிராம்கூட வராது, ஏன்னா எண்ணெய் எடுத்தப்புறம் மிச்சமாகற சோயா மாவுலதான் அதை செய்றாங்க. ஒரு வேளைக்கு 30 கிராம் போட்டா 15 கிராம் புரோட்டீன், சுமார் 100 கலோரி. ஆனா ஊறின மீல்மேக்கரை கைல எடுத்து அமுக்கிப் பாருங்க, ஸ்பாஞ்ச். அதை நல்லா பிழிஞ்சிட்டு வாணலில போட்டா உள்ள காலியா இருக்குற அத்தனை ஓட்டைலயும் எண்ணெய் போய் நிக்கும், நீங்க ஊத்தின எண்ணெய் காணாமப் போச்சேன்னு இன்னும் ஒரு கரண்டி ஊத்துவீங்க. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்லயே 120 கலோரி இருக்கு, அதாவது மீல்மேக்கரை விட எண்ணெய்தான் ஜாஸ்தியா உள்ள போகுது. சாயங்காலம் வண்டில விக்கிற மீல்மேக்கர் 65 இன்னும் மோசம், மாவுல தோய்ச்சு பொரிக்கிறது. குழம்புல, குருமால, புலாவ்ல போடுங்க, பிழிஞ்சதும் நேரா மசாலா தண்ணிலயே விட்டுடுங்க, எண்ணெய்க்குப் பதிலா குழம்பை குடிச்சுக்கும், ருசியும் அப்படித்தான் ஏறும்.

இப்ப அந்த மாத்திரை. நீங்க எழுதினதை வச்சு பார்த்தா காலைல மாத்திரை, கொஞ்ச நேரத்துல சத்துமாவு கஞ்சி, 9 மணிக்கு கடை. தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல போட்டு குடல்ல உறிஞ்சப்படணும், சோயா அந்த உறிஞ்சலை தடுக்கும். மாத்திரையை தவறாம முழுங்குறீங்க, ஆனா முழுசா ரத்தத்துல சேரல, டி.எஸ்.எச் ஏறுது, டோஸ் ஏறுது. தைராய்டு மந்தமா இருந்தா எடை குறையறதும் கஷ்டம், உங்க இடுப்புக்கு இதுல ஒரு பங்கு இருக்கலாம். அதனால சோயாவை மதியத்துக்கோ ராத்திரிக்கோ தள்ளுங்க, காலைல சோயா இல்லாத கேழ்வரகு கஞ்சியோ இட்லியோ, அதுவும் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு. மாவு மில்லுல அடுத்த தடவை அரைக்கும்போது சோயாவை தனியா எடுத்து வச்சிடுங்க. அயோடின் உப்புதானான்னு பாக்கெட்டை ஒரு தடவை பாருங்க. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தா அதுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவுல 4 மணி நேரம் விடணும்.

இதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க மா, நேரத்தை மாத்தினதும் மாத்திரை நல்லா சேர ஆரம்பிச்சா ஏத்தின டோஸ் உங்களுக்கு ஜாஸ்தியாகலாம். 6லேருந்து 8 வாரத்துல திரும்ப ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க, நீங்களா டோஸை குறைக்காதீங்க, நடுவுல நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ கை நடுங்கினாலோ 8 வாரம் காத்திருக்காம போய் பாருங்க.