பயணத்தில் ஒரே ஒரு பிற்பகல்தான் இருக்கிறது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போகலாமா, சலிப்படிக்குமா?

தாராளமாகப் போகலாம். எலும்பையும் பாடம் பண்ணிய மிருகங்களையும் பார்த்து அரை நாள் வீணாகும் என்று சொல்பவர்கள், அநேகமாக எல்லா அரங்குகளையும் ஒரே மூச்சில் நடந்து முடித்தவர்களாக இருப்பார்கள். அப்படிப் பார்த்தால் யாருக்கும் சலிக்கும். கொடுத்த காசுக்கு முழுவதையும் பார்க்க வேண்டாமா என்று இங்கே சிலர் சண்டைக்கு வரலாம். நான்கு மணி நேரத்தில் மூன்று அரங்குகளுக்கு மேல் உருப்படியாகப் பார்க்க முடியாது என்பதுதான் அவர்களுக்கு என் பதில்.

கிளம்பும் முன் விடுமுறை நாளைப் பாருங்கள். பெர்லினில் திங்கள், பாரிஸில் செவ்வாய் என்று ஊருக்கு ஊர் மாறும். பல இடங்களில் மூடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே நுழைவை நிறுத்திவிடுவார்கள். சக்கரப் பெட்டியோடு போனால் வாசலிலேயே தடுக்க வாய்ப்பு உண்டு, விடுதியில் விட்டுவிட்டுப் போங்கள். பள்ளிக் குழந்தைகளின் கூட்டம் பெரும்பாலும் இரண்டு மணிக்குள் கலைந்துவிடும். ஒன்றரைக்கு நுழைந்து நேராக மேல்மாடிக்குப் போய்விடுங்கள். எல்லோரும் முதலில் மொய்க்கும் டைனோசர் அரங்கைக் கடைசி ஒன்றரை மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டைனோசர் முன்னால் நின்றதும் எது நிஜ எலும்பு, எது அச்சு வார்ப்பு, அதாவது அசலிலிருந்து அச்செடுத்துச் செய்த நகல், என்று தேடுங்கள். நிஜப் புதைபடிவத்தில் நிறம் திட்டுத்திட்டாக மாறும், விரிசல் இருக்கும், உடைந்த இடத்தைப் பூசி அடைத்தது தெரியும். அது கல்லாகிவிட்ட எலும்பு, கனம் அதிகம். அதனால் வெளியிலிருந்தே இரும்புச் சட்டம் கட்டித் தாங்கியிருப்பார்கள். வார்ப்பில் நிறம் ஒரே சீராக இருக்கும், கம்பி உள்ளேயே ஓடும், சில இடங்களில் அச்சு சேர்ந்த கோடும் தெரியும். சிகாகோவில் நிற்கும் ‘சூ’ என்ற டைரனோசரஸின் உடல் எலும்புகள் பெரும்பாலும் நிஜம், தலை மட்டும் வார்ப்பு. நிஜ மண்டையோடு ஏறத்தாழ 270 கிலோ என்பதால் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பெர்லினில் 13.27 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் ஜிராஃபடைட்டன் என்ற நீள்கழுத்து டைனோசருக்கும் தலை வார்ப்புதான். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வார்ப்பை மேலே ஏற்றிவிட்டு அசலைக் கண் மட்டத்தில் வைத்தால் ஆராய்ச்சியாளருக்கும் வசதி, நமக்கும் வசதி.

அடுத்து இடுப்பைப் பாருங்கள். தொடை எலும்பு பொருந்தும் குழிக்குக் கீழே இறங்கும் ‘பியூபிஸ்’ என்ற இடுப்பெலும்பு டைரனோசரஸிலும் டிப்ளோடோகஸிலும் முன்னோக்கி நீளும், ட்ரைசெராடாப்ஸிலும் ஸ்டெகோசரஸிலும் பின்னோக்கித் திரும்பியிருக்கும். டைனோசர்களை இரண்டு பெரும் பிரிவாகப் பிரித்ததே இதை வைத்துத்தான். திமிங்கல எலும்புக்கூடு இருந்தால் அதன் துடுப்புக்குள் விரல் எலும்புகளைப் பாருங்கள். வால் பக்கம் முதுகெலும்போடு ஒட்டாமல் தொங்கும் இரண்டு சிறு எலும்புகள் அதன் இடுப்பின் மிச்சம். சில இடங்களில் மாட்டாமல் விட்டிருப்பார்கள். லண்டனில் 25.2 மீட்டர் நீல திமிங்கலம் 2017 முதல் பாய்கிற கோணத்தில் தொங்குகிறது. அதை மாடிப் படியில் ஏறியும் பார்க்க வேண்டும்.

பாடம் பண்ணிய விலங்குகள் இருக்கும் அரங்கு இருட்டாக இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. ரோமமும் இறகும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும், அதனால் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு விளக்கைக் குறைத்து வைப்பார்கள். ஃபிளாஷ் வேண்டாம். போன் கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுத்தால் பிரதிபலிப்பு வராது. பழைய விலங்குகளைத் திறந்த இடத்தில் வைத்திருந்தாலும் தொடாதீர்கள், குழந்தைகளையும் தொட விடாதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் தோலுக்கு ஆர்செனிக் என்ற நஞ்சைப் பூசினார்கள், அது இன்றும் அதில் இருக்கும். அழிந்துபோன டோடோ பறவை எங்காவது முழுதாக நின்றால் அது வேறு பறவைகளின் இறகை ஒட்டிச் செய்த மாதிரி. பாடம் பண்ணிய முழு டோடோ உலகில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் பல இடங்களில் அட்டைக் குறிப்பைக் கழற்றிவிட்டுத் தொடுதிரை வைக்கிறார்கள். எங்கே, எந்த ஆண்டு சேகரித்தது, பதிவு எண் என்ன என்ற மூன்று விவரம்தான் ஒரு எலும்பை ஆவணமாக்குகிறது. திரை பழுதானால் அந்த மூன்றும் பார்வையாளனுக்குக் கிடைக்காது. அட்டை இருக்கும் இடத்தில் முதலில் அட்டையைப் படம் எடுங்கள், பிறகு பொருளை.

கால்களைப் பற்றியும் யோசியுங்கள். குனிந்தும் அண்ணாந்தும் பார்ப்பதால் வரும் அலுப்பைப் பற்றி 1916-லேயே பாஸ்டன் அருங்காட்சியக அதிகாரி பெஞ்சமின் கில்மன் படங்களோடு எழுதினார். தரை பெரும்பாலும் கல். மெத்தென்ற அடியுள்ள ஷூ போட்டுக்கொண்டு, நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். பரிசுப் பொருள் கடை அரங்குகளோடு சேர்ந்தே மூடும் இடங்கள் உண்டு, ஏதாவது வாங்குவதாக இருந்தால் அந்த இடைவேளையிலேயே முடித்துவிடுங்கள்.