மஞ்சள் பாலிஷ் டிரம்முக்கு பேட்டன்ட் கிடைக்குமா? ஸ்டால் போடுறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது

ஈரோடு பக்கத்துல லேத் பட்டறை வச்சிருக்கிற ஒரு வாசகர் கேட்டிருக்கார். காய்ஞ்ச மஞ்சளைப் போட்டு உருட்டி பாலிஷ் பண்ற டிரம்முக்குள்ள இருக்கிற தகடுகளை நேரா வெல்டிங் வைக்காம ஸ்பிரிங்ல மாட்டியிருக்காராம், பாரம் ஏற ஏற தகடு சாஞ்சு கொடுக்குது, அதனால விரலி மஞ்சள் உடையுறது நல்லாவே குறைஞ்சிருக்கு. அடுத்த மாசம் விவசாயக் கண்காட்சியில ஸ்டால். இதுக்கு பேட்டன்ட் கிடைக்குமா, ஸ்டால் முடிஞ்சு நாலு ஆர்டர் வந்தப்புறம் அப்ளை பண்ணிக்கலாமா, ஒருத்தர் "வேர்ல்ட் பேட்டன்ட்" வாங்கித் தர்றேன்னு பெரிய தொகை கேக்குறார், மாமாவோ வரைபடத்தை நமக்கு நாமே தபால்ல அனுப்பி கவரைப் பிரிக்காம வச்சிருந்தா போதும்ங்கிறார், எது சரி?

மாமா சொல்றதை மொதல்ல தள்ளி வைங்க. அந்த கவருக்கு பேட்டன்ட் சட்டத்துல எந்த மதிப்பும் இல்ல, இங்க யாரு முதல்ல ஃபைல் பண்ணாங்கங்கிறதுதான் கணக்கு. வேர்ல்ட் பேட்டன்ட்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. பிசிடி-னு (பேட்டன்ட் ஒத்துழைப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஒரு வழி இருக்கு, அதுவும் பல நாட்டுக்கு சேர்த்து ஒரே விண்ணப்பமா போடுற வசதி மட்டும்தான், பேட்டன்ட் கொடுக்குறது கடைசியில அந்தந்த நாட்டு ஆபீஸ்தான். அந்தப் பேரைச் சொல்லி காசு கேக்குறவர்கிட்ட இருந்து விலகிடுங்க.

ஸ்டால் விஷயம்தான் அவசரம், ஸ்டால் போடுறதுக்கு முன்னாடியே ஃபைல் பண்ணிடணும். 1970-ஆம் வருஷ பேட்டன்ட் சட்டப்படி கண்டுபிடிப்பு புதுசா இருக்கணும், அதாவது ஃபைல் பண்ற தேதிக்கு முன்னாடி உலகத்துல எங்கயும் அது வெளியாகியிருக்கக் கூடாது, நீங்களே வெளியிட்டாலும் அது வெளியானதுதான். கண்காட்சிக்கு 12 மாச சலுகை இருக்குன்னு யாராவது சொல்வாங்க, இருக்கு, ஆனா மத்திய அரசு அதுக்குன்னு அறிவிச்ச கண்காட்சிக்குத்தான், உள்ளூர்ல நடக்குற எல்லா கண்காட்சியும் அதுல வராது. யூடியூப்ல, வாட்ஸ்ஆப் குரூப்ல டிரம் ஓடுற வீடியோ போடுறதும் வெளியிட்ட கணக்குதான், உள்ள இருக்கிற தகடு தெரிஞ்சா கதை முடிஞ்சது.

மஞ்சள்லயே இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 1995-ல மஞ்சள் தூளை வச்சு காயம் ஆத்துறதுக்கு அமெரிக்காவுல மிசிசிப்பி பல்கலைக்கழக மெடிக்கல் சென்டருக்கு பேட்டன்ட் கொடுத்துட்டாங்க. நம்ம மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எதிர்த்துப் போச்சு, எங்க பாட்டி காலத்துல இருந்தே பண்றோம்னு வாயால சொல்லி ஜெயிக்கல, பழைய நூல்களையும் 1953-ல இந்திய மருத்துவ இதழ்ல வந்த கட்டுரையையும் எடுத்துப் போட்டுத்தான் 1997-ல அதை ரத்து பண்ண வச்சாங்க. உங்க விண்ணப்பத்தையும் எதிராளி இப்படித்தான் துருவுவான், அதனால நீங்களே முதல்ல துருவிப் பாருங்க. இந்திய பேட்டன்ட் ஆபீஸோட இணையதளத்துல இன்பாஸ்-னு தேடுற வசதி இருக்கு, கூகுள் பேட்டன்ட்ஸும் இருக்கு, ரெண்டும் இலவசம்.

சரி, உங்க டிரம் தேறுமா? புதுசா இருந்தா மட்டும் பத்தாது, அந்தத் தொழில் தெரிஞ்ச ஒருத்தர் "இது யாருக்கும் தோணுமே"ன்னு சொல்ற மாதிரி இருக்கக் கூடாது. 1978-ல சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கேஸ் வந்துச்சு, உத்தரப்பிரதேசத்துல மிர்சாபூர் பாத்திரக்காரங்க கேஸ், பாத்திரத்தை லேத்துல பிடிச்சு நிறுத்தி பாலிஷ் போடுற ஒரு அமைப்புக்கு பேட்டன்ட் வாங்கியிருந்தாங்க. இது பட்டறையில சாதாரணமா பண்ற மாற்றம்தான், கண்டுபிடிப்பு இல்லன்னு கோர்ட் அந்த பேட்டன்ட்டை ஏத்துக்கல. லேத் வச்சிருக்கிற எல்லாரும் தெரிஞ்சிக்க வேண்டிய தீர்ப்புன்னு நான் நினைக்கிறேன்.

டிரம் பக்கத்துல தூசி இழுக்க ஒரு புளோயர் மாட்டினீங்கன்னா தேறாது, புளோயர் அதோட வேலையைச் செய்யுது, டிரம் அதோட வேலையைச் செய்யுது, தெரிஞ்ச ரெண்டு சாமானை பக்கத்துல வச்சதா சொல்லி, எதுக்கெல்லாம் பேட்டன்ட் கிடையாதுன்னு சொல்ற சட்டத்தோட பிரிவு 3-ல தள்ளிடுவாங்க. ஆனா உங்க ஸ்பிரிங் தகடு வேற மாதிரி, பாரமும் ஸ்பிரிங்கும் தகடும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துதான் உடைசலைக் குறைக்குது, அதனால வாதம் பண்ண இடம் இருக்கு. கட்டாயம் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நல்லா குறையுதுங்கிற பேச்சு எடுபடாது, ஒரே மஞ்சளை ஒரே எடையில பழைய தகட்டுல ஒரு தடவை, புதுசுல ஒரு தடவை ஓட்டி உடைசலை நிறுத்துப் பார்த்து எழுதி வைங்க. (மஞ்சள் நடுற முறை, வேக வைக்கிற பக்குவம் இதையெல்லாம் சேர்த்து எழுதாதீங்க, விவசாய முறைக்கும் பாரம்பரிய அறிவுக்கும் பேட்டன்ட் இல்ல.)

இப்ப பண்ண வேண்டியது புரொவிஷனல் விண்ணப்பம், அதாவது முழு விவரத்துக்கு முன்னாடி போடுற தற்காலிக விண்ணப்பம். தனிநபருக்கு ஆன்லைன்ல அரசாங்க ஃபீஸ் 1,600 ரூபாய், தேதி உங்க பேர்ல விழுந்துடும், அப்புறம் 12 மாசத்துக்குள்ள முழு விவரம் கொடுக்கணும், தவறினா போச்சு. ஆனா புரொவிஷனல்தானேன்னு அரைப் பக்கம் எழுதிப் போட்டுடாதீங்க, அதுல இல்லாததுக்கு அந்த முதல் தேதி கிடைக்காது. தகடோட கோணம், ஸ்பிரிங் எங்க மாட்டியிருக்கு, டிரம் எவ்வளவு வேகத்துல சுத்துது எல்லாம் வரைபடத்தோட வரணும். முக்கியமா ஸ்பிரிங்னு மட்டும் எழுதாதீங்க. எழுதினீங்கன்னா அடுத்த தெரு பட்டறைக்காரர் அதே இடத்துல ரப்பர் புஷ் வச்சு வித்துட்டுப் போவார், நீங்க பார்த்துக்கிட்டுத்தான் நிக்கணும். வளைஞ்சு கொடுத்து திரும்பி வர்ற எந்த அமைப்பும் அடங்குற மாதிரி எழுதி, ஸ்பிரிங், ரப்பர், எதிர் எடை எல்லாத்தையும் உதாரணமா காட்டணும். காசு செலவு பண்றதா இருந்தா ஒரு நல்ல பேட்டன்ட் ஏஜென்ட்டுக்கு இந்த எழுத்து வேலைக்குக் கொடுங்க.

அப்புறம் பேட்டன்ட் ஆபீஸ் உங்க விண்ணப்பத்தை பரிசோதிக்கிறதுக்கு தனியா மனு போடணும், தனிநபருக்கு 4,000 ரூபாய், 2024 விதிப்படி அந்த முதல் தேதியில இருந்து 31 மாசத்துக்குள்ள. இதை மறந்து விட்டவங்க நிறைய பேர், விண்ணப்பத்தை நீங்களே வாபஸ் வாங்கினதா ஆயிடும். பேட்டன்ட் கிடைச்சா ஃபைல் பண்ண தேதியில இருந்து 20 வருஷம், மூணாவது வருஷத்துல இருந்து வருஷா வருஷம் புதுப்பிக்கிற கட்டணம் இருக்கு. ஃபைல் பண்ணினதும் மெஷின்ல "பேட்டன்ட் பெண்டிங்"னு போட்டுக்கலாம், ஆனா கிடைக்கிற வரைக்கும் யார் மேலயும் கேஸ் போட முடியாது.

மெஷினுக்கு வைக்கிற பேருக்கு பேட்டன்ட் இல்ல, அது டிரேட்மார்க், தனிநபருக்கு ஒரு வகைக்கு 4,500 ரூபாய், 10 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். வெளித்தோற்றம் வித்தியாசமா இருந்தா டிசைன் பதிவு, அது அதிகபட்சம் 15 வருஷம்.

கடைசியா ஒண்ணு. ஸ்பிரிங் யோசனை வெல்டர் பையன் சொன்னதுன்னு கடிதத்துல போற போக்குல எழுதியிருக்கீங்க. அப்படின்னா விண்ணப்பத்துல கண்டுபிடிப்பாளரா அவர் பேரும் வரணும், சம்பளம் கொடுக்குறோம்ங்கிறதுக்காக உரிமை தானா உங்களுக்கு வந்துடாது. ஃபைல் பண்றதுக்கு முன்னாடியே அவர்கிட்ட பேசி, அவருக்கு என்ன பங்குன்னு முடிவு பண்ணி, எழுத்துல கையெழுத்து வாங்கிக்கோங்க.