பெரியம்மாவின் அலுமாரியும் மூன்று உரிமைக்காரரும்

அன்பின் ஐயாவுக்கு,

வெள்ளவத்தையில் இருந்த என் பெரியம்மா காலமாகி நான்கு மாதமாகிறது. பிள்ளைகள் இல்லை. நொத்தாரிசு முன் எழுதிய மரண சாசனத்தில் எல்லாவற்றையும் எங்கள் மூன்று பேருக்கும் சமமாக விட்டு, என்னை நிறைவேற்றுநராகப் போட்டிருக்கிறார். அந்தியேட்டி முடிந்த கையோடு பிரச்சினை தொடங்கிவிட்டது. காப்புச் சோடியைத் தருவதாகப் பெரியம்மா போனில் சொன்னாராம் என்கிறார் கனடா மச்சாள். தையல் மெஷினைத் தனக்கே தந்துவிட்டார் என்கிறாள் அவரைப் பார்த்துக்கொண்ட பிள்ளை; ஒரு வருடமாக அது அவள் வீட்டில்தான் இருக்கிறது. பெரியம்மாவின் சிநேகிதியின் மகளோ, 1983 தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போகும்போது தாய் பாதுகாப்புக்குக் கொடுத்த அட்டியல் அலுமாரியில் இருக்கிறது என்கிறார். யாரை நம்புவது?

வாசகி, கொழும்பு 6

அன்பின் வாசகிக்கு,

ஆளை நம்புவதா இல்லையா என்பதை விடுங்கள். பெரியம்மா கண்மூடிய அன்று அந்தப் பொருள் யாருடையது? ஒவ்வொன்றுக்கும் இதை மட்டும் கேளுங்கள்.

தையல் மெஷின் லேசான விஷயம். உயிரோடு இருக்கும்போதே கொடுத்து, மற்றவர் வாங்கிக்கொண்டால் அன்பளிப்பு முடிந்தது. அந்தப் பிள்ளையிடம் நாலு வரி எழுதி வாங்குங்கள், சாசனத்தில் பங்குள்ள மற்ற இருவரும் சம்மதக் கையெழுத்து வைக்கட்டும். தயவுசெய்து அதைத் திருப்பி எடுக்கப் போகாதீர்கள்.

மச்சாள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காப்பு கடைசிவரை பெரியம்மாவிடம்தான் இருந்தது. நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரண சாசனம் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில், அல்லது ஐந்து சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும். போனில் சொன்னது அதற்குள் வராது. காப்பு சாசனப்படி பங்குள்ள உங்கள் மூவருக்கும் உரியது. பங்கு பிரித்த பிறகு நீங்கள் மூவரும் விரும்பி அவருக்குக் கொடுத்தால் யார் தடுப்பார்கள்?

அட்டியல்தான் எனக்கு மனதை உறுத்துகிறது. பாதுகாப்புக்குக் கொடுத்தது உண்மையென்றால் அது ஒருநாளும் பெரியம்மாவின் சொத்தில்லை. சாசனம் அதைத் தொடவே முடியாது. துண்டு எழுதி வாங்கவில்லையே என்று கேட்பார்கள். அந்தக் கலவரத்தில் அகதிகளாகி இரத்மலானை முகாமிலும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் படுத்திருந்துவிட்டு, காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறிய சனம். துண்டு எழுதி வாங்கும் காலமா அது?

அதற்காக உடனே தூக்கிக் கொடுத்துவிடவும் கூடாது. முதலில், அட்டியலின் படத்தை வட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். எத்தனை கல், என்ன நிறம், கொளுவி எப்படி, எங்காவது பற்றுவைத்த இடம் உண்டா என்று அந்த மகளே எழுதி அனுப்பட்டும். தாயின் கல்யாணப் படம் இருந்தால் அதையும் கேளுங்கள். அப்புறம் மற்ற இருவரையும் வைத்துக்கொண்டு அலுமாரியைத் திறந்து ஒப்பிடுங்கள். சுற்றியிருக்கும் துணியையும் கடுதாசியையும் எறிந்துவிடாதீர்கள், அதில் ஒரு பெயர் இருக்கலாம். லாச்சியையும் பாருங்கள். செட்டியார் தெரு நகைக் கடை பில் பெரியம்மாவின் பெயரில் கிடைத்தால் கதை மறுபக்கம் திரும்பும்.

இன்னொன்று. அட்டியல் சொத்தில் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கும் வரும். ஆகவே தனியாக முடிவெடுக்காதீர்கள். மூவரும் ஒத்துக்கொண்டால் எல்லோரும் கையெழுத்து வைத்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். ஒருவர் மறுத்தாலும் பொருளைப் பட்டியலில் 'உரிமை தகராறில்' என்று குறித்து அப்படியே வைத்துவிட்டு, சட்டத்தரணி மூலம் புதுக்கடை மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கில் சொல்லுங்கள். பிழையான ஆளிடம் கொடுத்தால் நீங்கள்தான் சொந்தக் காசில் ஈடு கட்டவேண்டி வரும். ஆஸ்பத்திரி பாக்கி, வேறு கடன் ஏதும் இருந்தால் அதைத் தீர்த்த பிறகுதான் பங்கு. அதுவரை அலுமாரிச் சாவி உங்களிடமே இருக்கட்டும்.