பாலாற்று மணலில் கைட் பக்கியில் குதிக்க, டயரில் எவ்வளவு காற்று வைக்கலாம்?

கைட் பக்கி என்பது பட்டம் இழுத்துப்போகும் மூன்று சக்கர வண்டி. அதில் ஓட்டுவதற்கு வைத்த காற்றோடு அப்படியே குதிக்கலாமா என்பதுதான் உங்கள் சந்தேகம் என நினைக்கிறேன். கூடாது. எங்கே இறங்கப் போகிறீர்களோ அந்தத் தரையைப் பார்த்துத்தான் காற்று வைக்க வேண்டும்.

உங்களுடையது ஆட்டோ டயர் அளவான 4.00-8 சக்கரம், உங்கள் எடை 70, 75 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். விருதம்பட்டுப் பக்கத்து இளகின மணலுக்கு 12 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். வற்றிக் காய்ந்த காவேரிப்பாக்கம் ஏரித் தரை என்றால் 18 வரை போகலாம். அகலமான பிக்ஃபுட் டயருக்கு 3, 4 போதும். எதுவானாலும் டயரில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள்.

30 அடித்தால்தான் ரிம் தப்பிக்கும் என்று சொல்ல ஆள் வருவார்கள். ரிம் தப்பிக்கலாம், முதுகு தப்பிக்காது. இறுகின டயர் அடியை வாங்காமல் பின் அச்சுக்கும் இடுப்புக்கும் தள்ளிவிடும், வண்டியும் எகிறிச் சாயும். அதற்காக 4.00-8 டயரை 7, 8க்கு இறக்கினால் ரிம் விளிம்பு டியூபை நசுக்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடும். குறுக்காக இறங்கினால் டயரே ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க, முதலில் ஒரு அடி உயரத்துக்கு மட்டும் குதித்து, இறங்கிக் குனிந்து பாருங்கள். டயர் ரிம்மில் உட்காரும் இடுக்கில் புதிதாக மணல் துகள் சிக்கியிருந்தால், விழுந்த வேகத்தில் அந்த இடம் ஒரு கணம் திறந்து மூடியிருக்கிறது. 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். இடுக்கு சுத்தமாக இருந்தும் வண்டி எகிறினால் 1 குறையுங்கள். பின்சக்கரம் இரண்டிலும் ஒரே அளவு இருக்கட்டும். குறைந்த பக்கம் மணலில் புதைந்து வண்டியை இழுக்கும்.

வேலூர் வெயிலையும் கணக்கில் சேருங்கள். காலையில் 4 வைத்த பிக்ஃபுட், டயர் 20 டிகிரி கூடுதலாகச் சூடானால் 5க்கு மேல் போய்விடும். அதனால் குதிப்பதற்கு முன் மறுபடி அளக்க வேண்டும். பெட்ரோல் பங்க் மீட்டர் இந்தச் சின்ன அளவுக்கு உதவாது. 0 முதல் 20 வரை காட்டும் மீட்டர் வாங்குங்கள். பஞ்சர் கடையில் சொல்லாமல் விட்டால் ஆட்டோ டயர் அளவுதானே என்று 30க்கு மேல் ஏற்றிவிடுவார்கள். இரண்டு பாதியாகப் பிரியும் ரிம் என்றால், காற்றை முழுக்க இறக்காமல் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. உள்ளே காற்று இருந்தால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும்.

இவ்வளவு சரிபார்த்தும், மணல் அள்ளின பள்ளத்தில் இறங்கினால் எந்தக் காற்றும் காப்பாற்றாது. ஆற்றையே சுரண்டி எடுத்துவிட்டார்கள். சமமாக நூறடி மணல் கிடைப்பதே பெரும்பாடு, மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேல முள். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. பட்டத்தை ஏற்றும் முன் இறங்கும் பாதை முழுக்க ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.